கண், விரல், வாய்

அறிவிப்புப் பலகையில் மேடம் என் எண்ணை எழுதி முடிப்பதற்குள் பணிமனையே கிடுகிடுத்துப்போனது. ஒருவர் அலமாரிக் கதவைத் தட்டுகிறார், ஒருவர் மேசையைத் தட்டுகிறார், கை கழுவப் போனவர் சோப்பு நுரையோடு ஓடிவருகிறார். "புதிய பாதை. முதல் வண்டி. ஓட்டுநர்: 41." நாற்பத்தொன்று நான்தான்! பதினான்கு வருடமாக நகர ரயில் ஓட்டுகிறேன். ஆற்றைத் தாண்டிப் போகும் புதிய பாதைக்காக ஊரே ஆறு வருடம் காத்துக் கிடந்தது. அதில் முதல் வண்டியை ஓட்டப் போகிறவள் நான். இன்னும் பன்னிரண்டே நாள். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி.

"அக்கா! சாதிச்சுட்டீங்க அக்கா!" என்று கடிகாரம் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான்.

கடிகாரம் என் பக்கத்து அலமாரிக்காரன். என்னைவிட மூன்று வயது சின்னவன். ஒரு நாள்கூடப் பத்து வினாடி தாமதமாக வண்டியை எடுத்ததில்லை, அதனால் அந்தப் பெயர். எனக்கு வைத்திருக்கும் பெயர் சைரன். அன்றைக்கு நான் போட்ட கூச்சலில், வெளியே வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஏதோ விபத்து என்று குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அதற்கு மேல் அந்தப் பெயருக்கு விளக்கம் வேண்டுமா?

கூச்சல் போட்டேன், குதித்தேன், எல்லோருக்கும் டீ சொன்னேன். என் கைப்பையின் ஓரத்து ஜிப்புக்குள் ஒரு மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் வாங்கியது. அதை விழுங்கினால் இந்த முதல் வண்டி எனக்கு இல்லை. அது என்ன கதை என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன் எங்கள் தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் ஓட்டுநர்கள் எதைச் செய்தாலும் அதை விரலால் காட்டி, வாய்விட்டுச் சொல்லுவோம். சிக்னல் பச்சையாக இருந்தால் விரலை நீட்டி "சிக்னல் பச்சை!" என்போம். "கதவு மூடியாச்சு!" "வேகம் நாப்பது!" ஓட்டுநர் அறையில் வேறு ஈ, காக்கை இருக்காது. இருந்தாலும் சொல்ல வேண்டும். பார்ப்பவர்களுக்குப் பைத்தியம் மாதிரித் தெரியும். ஆனால் இதனால்தான் ஓட்டுநருக்குத் தூக்கக் கலக்கத்திலும் தப்பு நேராது. சேர்ந்த முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுவார்கள்: முதலில் கண், அப்புறம் விரல், கடைசியில் வாய். இந்த வரிசை மாறவே கூடாது.

பணிமனையில் என் அளவுக்குச் சத்தமாகச் சொல்ல ஆள் கிடையாது. வீட்டிலும் விடமாட்டேன். காலையில் கிளம்பும்போது "அடுப்பு அணைச்சாச்சு! குழாய் மூடியாச்சு! கதவு பூட்டியாச்சு!" என்று விரலை நீட்டி நீட்டிச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவேன். மாடி வீட்டில் துணி தைக்கிற அம்மா, "உன் சத்தம் கேட்டாத்தான் நான் அடுப்புல பாலை வைப்பேன்" என்பார்.

இப்படிப்பட்டவளுக்கு என்ன கேடு என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அதையேதான் டாக்டரிடம் கேட்டேன்.

நான் டாக்டரிடம் போனது காதுக்காக. சத்தியமாகக் காதுக்காகத்தான்! ஏழு மாதமாக எல்லாச் சத்தமும் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. எதைத் தின்றாலும் அட்டையைத் தின்கிற மாதிரி. விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே விழிப்பு வந்துவிடும். விழித்துக்கொண்டு, எழுந்து நின்று என்ன ஆகப்போகிறது என்று அப்படியே கிடப்பேன். குளிப்பது ஒரு மலை. தலை வாருவது இன்னொரு மலை. வேலைக்கு வந்து சீருடையை மாட்டிவிட்டால் மட்டும் வாய் தானாக ஓடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சத்தம் போடுகிறவளுக்கு மனசு சரியில்லை என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்று நினைத்தேன்.

டாக்டர் விளக்கை வைத்து இரண்டு காதையும் பார்த்தார். "காது பளிச்சுன்னு இருக்கு" என்றார். அப்புறம் தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, "கடைசியா எப்ப சந்தோஷமா இருந்தீங்க?" என்றார்.

"நேத்துகூட விழுந்து விழுந்து சிரிச்சேனே டாக்டர்."

"சிரிச்சீங்க. சந்தோஷமா இருந்துச்சா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். காதைக் காட்டப் போனால் இதென்ன கேள்வி? வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து அழுகை வந்தது. கால் மணி நேரம். மேசைமேல் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை முழுதாகக் காலி செய்துவிட்டு, "காதுதான் டாக்டர் பிரச்சினை" என்று மறுபடியும் சொன்னேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. மனச்சோர்வு என்றார். நோய்தான், சோம்பேறித்தனம் இல்லை என்றார். வாரம் ஒரு முறை ஒருவரிடம் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்தார். மாத்திரையும் எழுதினார். "உடனே ஒண்ணும் தெரியாது. பலன் தெரிய சில வாரம் ஆகும். ஆனா ஆரம்பத்துல தூக்கம் அசத்தும், வயிறு புரட்டும். நீங்க ரயில் ஓட்டறவங்க. வேலை இடத்துல சொல்லிட்டு ஆரம்பிங்க" என்றார்.

சொல்வதில்தான் வில்லங்கம். எங்கள் பணிமனை விதி எனக்கு மனப்பாடம்: இந்த மாதிரி மாத்திரை தொடங்குகிறவர் எழுதிக் கொடுக்க வேண்டும், மூன்று வாரம் வண்டியைத் தொடக்கூடாது, பிறகு பரிசோதனை செய்து அனுப்புவார்கள். மூன்று வாரம்! மறுநாளே பலகையில் என் எண்ணை எழுதுகிறார்கள், பன்னிரண்டு நாளில் முதல் வண்டி. இதைவிடப் பொருத்தமாக யாராவது நாள் குறிக்க முடியுமா? தலையில் அடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனால், என் வீட்டுக்காரர் அதற்குள் ஊரைக் கூட்டிவிட்டார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லை தேய்க்கிறவர். நாள் முழுக்க வாயைத் திறக்காமல் வேலை செய்கிற மனிதர். அவரே அன்றைக்குத் தொலைபேசியும் கையுமாக இருந்தார். நாத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது. நாத்தனார், அவர் பிள்ளைகள், மருமகள்கள், சம்பந்தி என்று பதினொரு பேர் முதல் வண்டியில் ஏற வருகிறார்கள்.

"பதினொரு பேரா? எங்கங்க படுக்க வைப்பீங்க?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம். என் பொண்டாட்டி ஓட்டற வண்டி!"

அந்த மனிதர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. நான் மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். முகம் வாடியது. அட்டையோடு மடித்துக் கொடுத்திருந்த தாளைப் பிரித்து, கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

"குமட்டல். கொட்டாவி. வாய் உலர்தல். தலைசுற்றல். அதிகமாக வேர்த்தல். சிலருக்குத் தூக்கம் அதிகமாகும். சிலருக்குத் தூக்கமே வராது." நிமிர்ந்தார். "இதென்னம்மா, ரெண்டையும் எழுதி வச்சிருக்கான்?"

"ஏதாவது ஒண்ணு நிச்சயம் நடக்கும்னு அர்த்தம்."

"பசி குறையலாம். பசி கூடலாம்." தாளை மேசைமேல் வைத்தார். "உனக்கு இது வேணுமா? நல்லாத்தானே பேசறே, சிரிக்கறே?"

"எனக்குத் தெரியலைங்க."

கொஞ்ச நேரம் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "பன்னெண்டு நாள்தானே? ஏழு மாசம் ஓட்டிட்டே. பதிமூணாவது நாள் ஆரம்பி. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

பழியை அவர்மேல் போடமாட்டேன். என் மனசில் இருந்ததைத்தான் அவர் சொன்னார். அட்டையைத் தூக்கி, உபயோகமில்லாத சாவிகளும் செத்த பேட்டரிகளும் கிடக்கிற இழுப்பறையில் போட்டு மூடினேன். "இழுப்பறை மூடியாச்சு!" என்று விரலை நீட்டிச் சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த நாட்கள் இருக்கிறதே, அடேயப்பா! பணிமனையில் ஒருத்தருக்கும் கால் தரையில் பாவவில்லை. புது வண்டி வந்து நின்றது. இருக்கைகளின்மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஓட்டுநர் அறைக் கண்ணாடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. கடிகாரம் தினமும் வந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவான். "அக்கா, ஒரே ஒரு தடவை ஹாரன் அடிச்சுக்கட்டுமா?" என்று கெஞ்சுவான். ஒருத்தர் எனக்கு வெள்ளைக் கையுறை வாங்கி வந்தார். எப்படி நிற்பது, எப்படிக் கை அசைப்பது என்று ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள். நான் அத்தனைக்கும் சத்தம் போட்டுப் பதில் சொன்னேன். உள்ளுக்குள் மட்டும் ஒரு அசைவும் இல்லை. வேறு யாருக்கோ நடக்கிற கல்யாணத்தில் பந்தல் போடுகிறவள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சோதனை ஓட்டம். ஆளில்லாத வண்டி. பக்கத்து இருக்கையில் மேடம். எங்கள் மேற்பார்வையாளர், என்னைவிட ஆறு வயது சின்னவர், அளந்துதான் பேசுவார். மடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு நான் காட்டிச் சொல்வது ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தார். பாலத்தைக் கடந்து அக்கரை நிலையத்தில் கோட்டின்மேல் இம்மி பிசகாமல் நிறுத்தினேன்.

"நூத்துக்கு நூறு" என்றார் மேடம். அவர் வாயிலிருந்து அப்படி வருவது லேசில்லை. பிறகு, ஏதோ சந்தோஷத்தில், "பாலத்துக்குக் கீழ ஒரு படகு போச்சே, பார்த்தீங்களா? எவ்வளவு கொடி!" என்றார். "திறப்பு விழாவுக்கு இப்பவே ஒத்திகை பார்க்கறாங்க போல."

படகா? பாலத்தைக் கடந்தேனா என்பதே எனக்கு நினைவில்லை. ஏறியது தெரியும், நிறுத்தியது தெரியும். நடுவில் ஒன்றுமே இல்லை.

"பார்த்தேன் மேடம். ரொம்ப அழகு" என்றேன்.

பயந்திருக்க வேண்டும் அல்லவா? பதினான்கு வருட ஓட்டுநர், ஒரு முழுப் பாலத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள்! பயமும் வரவில்லை. போய் டீ குடித்தேன்.

அடுத்த புதன்கிழமை. மத்தியானம் பணிமனைச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரிடமிருந்து அழைப்பு. அவர் கடை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்.

"கதவைப் பூட்டிட்டுத்தானே போனே?"

"இதென்ன கேள்வி? பூட்டினேன். சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"ஆமா, சொன்னியாம். மாடி வீட்டம்மாவும் கேட்டாங்களாம். 'கதவு பூட்டியாச்சு'ன்னு அலறினதைக் கேட்டுட்டுத்தான் பாலை வச்சாங்களாம். அதனாலதான் ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கல."

"என்னாச்சுங்க?"

"கதவு பப்பரப்பான்னு திறந்து கிடக்கு. காலையிலேர்ந்து. ஒரு நாய் நம்ம கட்டில்ல, என் தலையணைமேல படுத்திருக்கு. ரொட்டி முழுசும் காலி. எழுந்திருன்னா என்னைப் பார்த்துக் குரைக்குது. அது வீட்டுக்கு நான் வந்துட்டேனாம்!"

சிரித்தேன் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர. உடனே மேசையில் இருந்தவர்களுக்குச் சொன்னேன். மேசையே சிரித்தது. பக்கத்து மேசைக்காரர்கள் என்ன என்ன என்று கேட்க, எழுந்து நின்று நடித்துக் காட்டினேன். வீட்டுக்காரர் மாதிரிப் பேசினேன், நாய் மாதிரிக் குரைத்தேன். மூன்றாவது தடவை சமையல் அறையிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். கடிகாரத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"ஐயோ அக்கா, வயிறு வலிக்குது! வீட்டுல நாய் வந்துச்சு, போகட்டும். ஞாயித்துக்கிழமை வண்டியில இப்படிப் பண்ணிடாதீங்க, தொள்ளாயிரம் பேரு!"

எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நான் அடுத்த வரியைச் சொல்லப் போனேன். "கதவு பூட்டியாச்சு!" விரல் நீண்டது. அந்த விரலைப் பார்த்தேன். காலையிலும் இதே விரல்தான் இப்படியே நீண்டது. சாவி அப்போது என் பைக்குள் இருந்தது. விரல் நீண்டது, வாய் சொன்னது, கண் மட்டும் அங்கே இல்லை. திறந்து கிடந்த கதவைக் காட்டி, பூட்டியாச்சு என்று ஊருக்கே கேட்க அலறிவிட்டு வந்திருக்கிறேன்! வெள்ளிக்கிழமை பாலத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. ஒவ்வொரு சிக்னலையும் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் மேடம் டிக் போட்டார். ஏதாவது ஒன்று சிவப்பாக இருந்திருந்தால்? அப்போதும் இந்த வாய் பச்சை என்றுதான் சொல்லியிருக்கும்.

பயம் அப்போது வந்தது. ஏழு மாதத்தில் எனக்கு முதல் முதலாக வந்த சொந்தச் சரக்கு. சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே மேடம் அறைக்குப் போனேன்.

"மேடம், பாலத்துல போன படகை நான் பார்க்கல."

மேடம் நிமிர்ந்தார். "எந்தப் படகு?"

"வெள்ளிக்கிழமை. கொடி கட்டின படகு. பார்த்தேன்னு பொய் சொன்னேன். படகு மட்டும் இல்ல மேடம், பாலத்தையே பார்க்கல."

உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கொட்டினேன். காது, டாக்டர், அட்டை, இழுப்பறை, நாய் வரைக்கும். நாய் வந்தபோது மேடத்தின் உதடு ஒரு பக்கம் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. நல்லவேளை, சிரித்திருந்தால் நான் மறுபடி நடிக்கத் தொடங்கியிருப்பேன்.

"மாத்திரை ஆரம்பிச்சாச்சா?"

"இல்ல மேடம்."

"ஆரம்பிக்கப் போறீங்களா?"

அதுதான் கேள்வி. முதல் வண்டி எப்படியும் போய்விட்டது, அது எனக்குத் தெரியும். ஆனால் வண்டியை விட்டுவிட்டு, மாத்திரையையும் போடாமல், நாலு நாள் லீவு எடுத்துப் படுத்துவிட்டு வந்துவிடலாமே? யாருக்கும் தெரியாதே? அதை விழுங்கினால் சைரனுக்கு மனநோய் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

"நாளைக்குச் சொல்றேன் மேடம்" என்றேன்.

அவர் ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். "நிரப்பிட்டு வாங்க. மூணு வாரம் கழிச்சு டெஸ்ட். வண்டி எங்கயும் போயிடாது."

"போறதுக்குத்தானே மேடம் வண்டி" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

வெளியே வந்தால், அவரும் பின்னாலேயே வந்து பலகையில் 41-ஐ அழித்துவிட்டு 27 என்று எழுதினார். இருபத்தேழு, கடிகாரம். கடிகாரம் பலகையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். "அக்கா, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்றான், அழுதுவிடுகிற குரலில்.

"ரொம்பச் சரியாப் பேசிட்டே. கையுறை என் அலமாரியில இருக்கு, எடுத்துக்கோ" என்றேன்.

வீட்டில் நாயை ஒருவழியாகக் கிளப்பியிருந்தார்கள். தலையணை உறை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம் பலகையில் எண் மாறியதைச் சொன்னேன். நாத்தனார் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து, சாவிகளுக்கும் பேட்டரிகளுக்கும் நடுவிலிருந்து அட்டையை எடுத்துத் துடைத்து என் முன்னால் வைத்தார்.

"கடைக்கு தினமும் நாலு பேராவது வர்றாங்க. எனக்குக் கண்ணாடி வேணாம், போட்டாப் பழகிடும், நாலு பேரு என்ன நினைப்பாங்கன்னு. அவங்க போனதும், பாரு, கண்ணு தெரியாமத் தடவிட்டுப் போறதுக்கு என்ன வீம்புன்னு சொல்லிச் சிரிப்பேன்." அட்டையை இன்னொரு தடவை துடைத்தார். "உன்கிட்ட வந்து நானே தள்ளிப்போடுன்னு சொல்லியிருக்கேன். வெக்கமா இருக்கு."

"விடுங்க. நானும்தான் போட்டு மூடினேன்."

"நீ சத்தம் போடறப்பல்லாம் நல்லா இருக்கேன்னு நினைச்சுக்குவேன். அதைக் கேட்கத்தான் சாயங்காலம் நீ வர்ற நேரத்துக்குக் கதவுகிட்டயே நிப்பேன். சத்தம் நின்னதும் நீ எங்க போறேன்னே எனக்குத் தெரியல."

இந்த மனிதர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் பேசியதை எல்லாம் கூட்டினால்கூட இவ்வளவு வராது. அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

மறுநாள் காலை, சாப்பிட்டு முடித்ததும், சமையல் மேடைக்கு முன்னால் நின்றேன். வாயை இறுக்க மூடிக்கொண்டேன். முதலில் கண். அட்டையைப் பார்த்தேன், ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு. மாத்திரையைப் பிதுக்கினேன், வெள்ளை, நடுவில் ஒரு கோடு. இவ்வளவு சின்னதா? இதற்கா பத்து நாள் பயந்தேன்! தம்ளரைப் பார்த்தேன், முக்கால் அளவு தண்ணீர். அப்புறம்தான் விரல். அதற்கும் அப்புறம்தான் வாய்.

"மாத்திரை ஒண்ணு!" என்றேன். "தண்ணி இருக்கு!" விழுங்கினேன். நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "போட்டாச்சு!" என்று அலறினேன்.

"என்னத்தைப் போட்டே?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

"மாத்திரை! மனசுக்கு!"

"நல்லது, போடு!" என்று பதில் வந்தது. "கதவையும் ஒரு தடவை பார்த்துப் பூட்டிட்டுப் போ!"

படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நாலு நாள் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். கொட்டாவி விட்டால் தாடை கழன்று விழுந்துவிடும் போல் இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரொட்டியைப் பார்த்தால் குமட்டியது. பசி குறையலாம், கூடலாம் என்றதில் குறையலாம்தான் என் பங்குக்கு வந்தது. டாக்டரிடம் கேட்டேன், "எதிர்பார்த்ததுதான், விட்டுடாதீங்க" என்றார். அவர் ஏற்பாடு செய்தவரிடமும் ஒரு முறை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை! நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. மேளமும் பீப்பியும் பலூனும், தள்ளுமுள்ளும். எனக்கு வாசலில் முதல் பயணச் சீட்டு கொடுக்கிற வேலை. நாத்தனார் மற்ற பத்துப் பேரோடு வந்து இறங்கிவிட்டார். நான் ஓட்டவில்லை என்று தெரிந்தும் ஒரு ஆள்கூடக் குறையவில்லை. "நீ ஓட்டினா எங்களோட எப்படி உட்கார்ந்து பேசுவே? இதுதான் வசதி" என்று என்னை இழுத்துக்கொண்டு முதல் பெட்டியில் ஏறினார். ஓட்டுநர் அறைக்கும் பெட்டிக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரம், என் வெள்ளைக் கையுறையோடு. இந்தப் பக்கம் நானும் மேடமும்.

பத்து மணி. கடிகாரம் விரலை நீட்டினான். "சிக்னல் பச்சை." கொசு முனகுகிற மாதிரி ஒரு குரல்! வண்டி நகர்ந்தது, பெட்டியே ஆர்ப்பரித்தது. ஹாரன் அடித்தான், படுபாவி, ஆசை தீர அடித்தான். பாலம் தெரிந்தது.

அப்போது என் நெஞ்சுக்குள் ஏதோ சுரீர் என்றது. அது என் வண்டி! என் பாலம்! என் கையுறை! இவன் யார் அங்கே உட்கார்ந்து என் ஹாரனை அடிக்க? அந்தக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் அவனைத் தூக்கி வெளியே எறிய வேண்டும் போல் இருந்தது. காது சூடேறியது. பல்லைக் கடித்தேன். கடித்துக்கொண்டிருக்கும்போதே புரிந்தது: எனக்குப் பொறாமையாக இருக்கிறது! நெஞ்சு நிறையப் பொறாமை! ஏழு மாதமாக எவன் எக்கேடு கெட்டால் என்ன என்று கிடந்தவளுக்கு, ஒரு வண்டிமேல் ஆசை வந்துவிட்டது. நாலு மாத்திரையில் ஒன்றும் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேசப் போனதாலோ, அழுததாலோ, எதனாலோ. நாளைக்கே போய்விடலாம், அதுவும் தெரியும். போனால் போகட்டும், நாளைக்கும் மாத்திரை இருக்கிறது. இப்போது பொறாமை வந்திருக்கிறதே! நாத்தனார் கையைப் பிடித்து இறுக்கினேன். அவர் "ஸ்ஸ், வலிக்குது" என்றார்.

பாலத்தின்மேல் ஏறினோம். வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் ஆறு. கீழே வரிசையாகப் படகுகள், ஒரே ஊதல், ஒரே ஆரவாரம். பார்த்துக்கொண்டே இருந்தேன். கொட்டாவி வந்தபோதுகூடக் கண்ணை மூடவில்லை. பார்த்து முடித்த பிறகுதான் விரல் எழுந்தது.

"படகு ஒண்ணு!" என்றேன். "படகு ரெண்டு!"

பெட்டியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் குடும்பத்துக்கு அது போதும். "படகு மூணு!" என்று பதினொரு பேரும் சேர்ந்து அலறினார்கள். உள்ளே கடிகாரத்தின் தோள் துள்ளியது. மேடம் திரும்பி ஒரு முறை முறைத்தார். பதினொரு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, மீதிப் படகுகளை விரலால் மட்டும் எண்ணினார்கள்.

பாலம் முடிகிற இடத்தில் மேடம் என் பக்கம் சாய்ந்தார்.

"பார்த்தீங்களா?"

"ஏழு படகு மேடம்" என்றேன். "அஞ்சாவதுல ஒரு கொடி கிழிஞ்சிருக்கு. தலைகீழா வேற கட்டியிருக்காங்க."

மேடம் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி, பின்னால் போய்க்கொண்டிருந்த ஆற்றை எட்டிப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தாள் எதுவும் இல்லாததால், உள்ளங்கையில் ஒரு டிக் போட்டு என்னிடம் காட்டினார்.